சுட்டுப்பெயரும் சுட்டப்படுபவரும்
ஆங்கிலத்தின் புதிய பால்பொதுச் சுட்டுகள் குறித்து

மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் நிறுவனங்களிலிருந்தும் வரும் ஆங்கில மடல்களில், எழுதியவரின் பெயருக்குக் கீழே ஒரு சிறு குறிப்பு காணப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சிலர் ‘ஷீ, ஹர்’ என எழுதுகின்றனர். சிலர் ‘தே, தெம்’ என எழுதுகின்றனர். மிகச் சிலர் ‘ஸீ, ஹியர்’ என்று அகராதியில் தேடவேண்டிய சொற்களை எழுதுகின்றனர். “என்னைப் படர்க்கையில் குறிப்பிடும்போது இச்சொல்லால் குறிப்பிடுக” என்பதே அக்குறிப்பின் பொருள். நம்மவரில் இதைக் கண்டு நகைப்போர் உளர், சினப்போரும் உளர். இச்சொற்கள் எங்கிருந்து வந்தன, எவ்வாறு ஆளப்படுகின்றன என்று விசாரித்தறிந்தோர் குறைவு. அரபுக் கல்லூரிகளில் ஸனது பெற்ற நம் ஆலிம்களில் சிலர் இன்று அயல்நாடுகளில் மேற்படிப்புப் படிக்கின்றனர். அவர்களிடமிருந்து இதுபற்றி வினாக்கள் வருகின்றன. மார்க்கத் தீர்ப்பு வழங்குவது முஃப்திகளின் பணி. இக்கட்டுரையின் நோக்கம் அதுவன்று. ஆயினும் சொல்லின் இயல்பை அறியாமல் தீர்ப்பும் கூற இயலாதாகையால், மொழிநூல் வழியே இதனை அணுகுவோம்.

பழைய ஆங்கிலத்தில் அரபு மொழியைப் போலவே பெயர்ச்சொற்கள் அனைத்திற்கும் இலக்கணப் பால் உண்டு. ஆண், பெண், பொது என அவை மூன்று. கி.பி. 11ஆம் நூற்றாண்டுக்குப் பின் அப்பாகுபாடு படிப்படியாக அழிந்தது. இன்றைய ஆங்கில வினைமுற்றில் பால் இல்லை, பெயரடையில் இல்லை, முன்னிலையில் இல்லை, பன்மையிலும் இல்லை. படர்க்கை ஒருமையாகிய ‘ஹீ, ஷீ, இட்’ என்னும் மூன்று சொற்களில் மட்டும் அது எஞ்சி நிற்கிறது. ‘இட்’ அஃறிணைக்கு உரியது. எனவே, ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரையோ, இருபாலாரையும் அடக்கும் பொதுவான ஒருவரையோ சுட்ட நேரும்போது ஆங்கிலேயன் இடர்ப்படுகிறான். “மாணவர் ஒவ்வொருவரும் தம் நூலைக் கொண்டுவருக” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் தொடரை ஆங்கிலத்தில் அமைக்க முயன்றால் இடர் விளங்கும்.

18ஆம் நூற்றாண்டின் இலக்கண ஆசிரியர்கள் இதற்கு ஒரு விதி வகுத்தனர்: பொதுவாகப் பேசும்போது ஆண்பாற் சுட்டு பெண்ணையும் உள்ளடக்கும் என்பது அவ்விதி. இலக்கணத்தோடு அது நிற்கவில்லை, சட்டத்திலும் ஏறியது. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமொன்று, சட்டங்களில் வரும் ஆண்பாற் சொற்கள் பெண்களையும் குறிக்கும் என்றது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 8ஆம் பிரிவில் அதனையே சொன்னது. அச்சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் ‘ஹீ’ என்னும் சுட்டை விடவில்லை. ஆண், பெண், திருநர் ஆகிய எவரையும் அச்சுட்டு குறிக்கும் என்று விரித்துரைக்கிறது.

இவ்விதி எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? 1867இல் இங்கிலாந்தில் வாக்குரிமையை விரிவாக்கும் சட்டம் விவாதிக்கப்பட்டபோது, அதில் ‘ஆண்’ எனப் பொருள்படும் சொல்லை நீக்கி ‘நபர்’ எனப் பொருள்படும் சொல்லை இடவேண்டும் என்று ஜான் ஸ்டுவர்ட் மில் திருத்தம் கொணர்ந்தார். ஆதரவாக 73 வாக்குகளே கிடைத்தன; எதிராக 196 விழுந்தன. மறு ஆண்டு, மான்செஸ்டர் நகரத்துப் பெண்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் 1850ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, “ஆண்பாற் சொல் எம்மையும் அடக்குமென்று நீங்களே எழுதியுள்ளீர்கள், எனவே எமக்கும் வாக்கு உண்டு” என வழக்காடினர். நீதிமன்றம் ஏற்க மறுத்தது. தண்டனையும் வரியும் என்றால் அச்சொல் பெண்ணை அடக்கும். உரிமை என்றால் அடக்காது! ஆங்கிலத்தில் பால்பொதுச் சுட்டு வேண்டும் என்ற வேட்கைக்கு இலக்கண இடர்ப்பாடு மட்டும் காரணமன்று. பட்ட அனுபவமும் காரணம் என்பதை இவ்வழக்கு காட்டும்.

இவ்வினா நமக்குப் புதிதன்று. அரபியில் ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்தை ஆண்பாற் பன்மையால் குறிப்பர். இதனை நஹ்வு அறிஞர் ‘தஃக்லீப்’ என்பர். திருக்குர்ஆனின் ஏவல்களிற் பெரும்பாலானவை இவ்வடிவிலேயே அமைந்துள்ளன. அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள், “குர்ஆனில் ஆண்கள் குறிப்பிடப்படுவது போல் பெண்களாகிய நாங்கள் குறிப்பிடப்படாதது ஏன்?” என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களிடம் வினவியதாகவும், அதனையொட்டி அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் அருளப்பெற்றதாகவும் நஸாஈ, அஹ்மத் ஆகியோர் பதிவு செய்துள்ளனர். அவ்வசனம் பத்துப் பண்புகளைக் கூறி, ஒவ்வொன்றிலும் ஆண்பாலையும் பெண்பாலையும் தனித்தனியே மொழிகிறது. சுருங்கச் சொல்லும் அரபு மரபு, இங்கே வேண்டுமென்றே விரித்துச் சொல்கிறது.

அதே அன்னையாரைப் பற்றிய மற்றொரு செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பணிப்பெண் அவர்களுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த வேளையில், நபி (ஸல்) அவர்கள் மிம்பரிலிருந்து “மக்களே” என்று விளிப்பது கேட்டது. அன்னையார் எழ முற்பட்டார்கள். அழைக்கப்பட்டது ஆண்களே, பெண்கள் அல்லர் என்றாள் பணிப்பெண். நானும் மக்களில் ஒருத்தியே என்று அன்னையார் விடையளித்தார்கள். ‘அந்நாஸ்’ என்னும் பொதுச்சொல்லில் தமக்கு ஐயமில்லை. ஆண்பாற் பன்மையில்தான் வினா எழுந்தது. இவ்வேறுபாட்டைப் பிற்கால உஸூலுல் ஃபிக்ஹ் அறிஞர்கள் நுணுகி ஆய்ந்தனர். ‘அந்நாஸ்’, ‘மன்’ போன்ற சொற்கள் இருபாலாரையும் அடக்கும் என்பதில் பெரும்பாலோர் உடன்பட்டனர். ‘முஸ்லிமூன்’ போன்ற ஆண்பாற் பன்மை தன்னளவில் பெண்களை அடக்காது, வேறு சான்று வேண்டும் என்றனர் ஷாஃபிஈ மத்ஹபினர் பலர். அடக்கும் என்றனர் ஹன்பலீகள். மான்செஸ்டர் வழக்கைத் தீர்த்த நீதிபதிகள் எடுத்த வினா, நம் மதரஸாக்களில் பல நூற்றாண்டுகளாக ஓதப்பட்டுவரும் வினாதான்.

ஆங்கிலத்தில் புதுச்சொல் படைக்கும் முயற்சிகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தொடங்கின. அமெரிக்க வழக்கறிஞரும் இசையமைப்பாளருமான சார்லஸ் குரோசாட் கான்வர்ஸ், ‘அந்த ஒருவர்’ எனப் பொருள்படும் இரு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி ‘தொன்’ என்றொரு சுட்டைப் படைத்து 1884இல் வெளியிட்டார். 1934ஆம் ஆண்டு வெப்ஸ்டர் பேரகராதியில் அது இடம்பெற்றது. ஆளுவோர் இல்லாமையால் 1961ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டது. 1912இல் சிகாகோ நகரப் பள்ளிகளின் தலைவராயிருந்த எல்லா ஃபிளாக் யங் அம்மையார், ஆண்பாற் சுட்டையும் பெண்பாற் சுட்டையும் ஒட்டவைத்த ‘ஹீயர்’ என்னும் சொல்லைப் பரிந்துரைத்தார், அதுவும் நிலைக்கவில்லை. 1975இல், ‘தே’ என்னும் பன்மைச் சுட்டின் முதலொலியை நீக்கி ‘ஏ, எம், ஏர்’ எனப் படைக்கப்பட்டது. ‘ஸீ’ என்பது இருவேறு எழுத்துக்கூட்டல்களில் வழங்குகிறது. அதனோடு வரும் ‘ஹியர்’ என்பதன் எழுத்து வடிவம், சாசர் காலத்து ஆங்கிலத்தில் ‘அவளுடைய’ என்பதற்கும் ‘அவர்களுடைய’ என்பதற்கும் வழங்கிய பழஞ்சொல்லின் வடிவை ஒத்திருப்பது ஒரு வேடிக்கை. இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் டென்னிஸ் பேரன் இத்தகைய படைப்புகள் இருநூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் திரட்டியுள்ளார்.

இருநூறு சொற்களில் ஒன்றேனும் பொதுவழக்கில் வேரூன்றவில்லையே, ஏன்? பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் எந்த மொழியிலும் நாள்தோறும் புதிதாகப் பிறக்கின்றன. சுட்டுப்பெயரும் இடைச்சொல்லும் அவ்வாறல்ல. அவை மொழியின் எலும்புகள். நினையாமலே நாவில் வருபவை. அரபு நஹ்வில் ளமீர்களை ‘மப்னீ’ என்று, மாறாத கட்டுமானம் உடையவையாக வகுத்திருப்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். (மப்னீ என்பது இறுதி உயிர்க்குறி மாறாமையையே குறிக்கும் என்பதை அறிவேன், உவமையாகவே கூறினேன்.) ஒரு விதிவிலக்கைச் சொல்லியாகவேண்டும். சுவீடன் மொழியில் ‘ஹான்’ ஆண்பால், ‘ஹூன்’ பெண்பால். இரண்டிற்கும் இடையே ‘ஹென்’ என்னும் பொதுச்சுட்டு 1960களில் முன்மொழியப்பட்டு, 2012இல் பெரும் விவாதத்திற்கு உள்ளாகி, 2015இல் சுவீடிய அகாதெமியின் சொற்பட்டியலில் ஏறியது. இருக்கின்ற சொற்களோடு ஒலியால் உறவுடைய ஒன்றாயிருந்தமை அதன் பேறு.

ஆங்கிலத்திலோ வெற்றி பெற்றது புதுச்சொல்லன்று, பழஞ்சொல்தான். ‘தே’ என்பது வட இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழியிலிருந்து வந்த பன்மைச்சுட்டு. 14ஆம் நூற்றாண்டிலேயே அது பால் தெரியாத ஒருவரைச் சுட்டவும் ஆளப்பட்டது. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் அவ்வாறு ஆண்டுள்ளனர். பன்மையை ஒருமைக்கு வழங்குவது பிழை என்று பின்வந்த இலக்கணிகள் கடிந்தனர். அண்மையில் அக்கண்டிப்புத் தளர்ந்தது. அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் 2017இல் தன் நடைக்கையேட்டில் இதற்கு வரம்புடன் இடமளித்தது. 2019இல் அமெரிக்க உளவியல் கழகம் ஆய்வுரைகளில் இதனை ஏற்றது. அவ்வாண்டே மெரியம்-வெப்ஸ்டர் அகராதி, ஆண் பெண் என்னும் இரண்டிலும் தம்மை அடக்காதவரைச் சுட்டும் பொருளையும் இதற்குச் சேர்த்தது.

ஒருவரைப் பன்மையால் சுட்டுவது நமக்கு விளங்காத புதிரன்று. “நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்” என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். கூறியவர் ஒருவர், சுட்டும் பன்மை, வினைமுற்றும் பன்மை. உஸ்தாதைப் பற்றிப் பேசும்போதும் “ஹஜ்ரத் வந்துவிட்டார்கள்” என்கிறோம். எதிரே வருபவர் ஒருவரேயாயினும் ‘அலைக்கும்’ என்று பன்மையில் ஸலாம் உரைக்கிறோம். தமிழிலக்கணம் இன்னும் நேரான சான்று தருகிறது. ‘ஒருவர்’ என்னும் பெயர் ஆண், பெண் இருபாலுக்கும் உரியது என்றும், அது ஒருமைப் பொருளதாயினும் பன்மை முடிபு கொள்ளும் என்றும் தொல்காப்பியர் பெயரியலில் விதித்துள்ளார். ஆங்கிலேயர் பல நூற்றாண்டுகள் வழக்காடிக் கண்ட முடிவை நம் பழந்தமிழாசிரியர் இரண்டு சிறு நூற்பாக்களில் அமைத்துவிட்டார்.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். பால்பொதுச் சுட்டுக்கு ஆங்கிலத்தில் இருவேறு தேவைகள் உள்ளன. முதலாவது, பெயர் தெரியாத அல்லது பொதுவான ஒருவரைச் சுட்டுவது. கான்வர்ஸ் போன்றோர் நாடியது இதனையே. இரண்டாவது, கண்முன் நிற்கும் குறிப்பிட்ட ஒருவர், தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ சுட்டலாகாது என வேண்டுவது. 1990களுக்குப் பின் பெருகியது இது. முதல் தேவையில் எவருக்கும் மனத்தடை இருக்க நியாயமில்லை. இரண்டாவதில்தான் நம் சமூகத்தில் கருத்து வேறுபாடு உண்டு.

பயன்பாட்டு முறையை முதலில் கூறுவோம். ‘தே’ ஒருவரைச் சுட்டும்போதும் ஆங்கில வினை பன்மை வடிவிலேயே வரும். ‘யூ’ என்னும் முன்னிலைச் சொல்லுக்கும் இந்நிலையே. அதுவும் பழங்காலத்தில் பன்மைக்கு மட்டும் உரியதாயிருந்து, பின்னர் ஒருமையாகிய ‘தௌ’ என்பதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. வினையில் இன்றும் பன்மையைவிடவில்லை. ‘ஸீ’ போன்ற புதுப் படைப்புகளோ ‘ஹீ, ஷீ’ போல ஒருமை வினை கொள்ளும். தம் சுட்டைக் குறிப்பிடுவோர் இரண்டு மூன்று வடிவங்களைச் சேர்த்து எழுதுவது, எழுவாயாக வருவது, செயப்படுபொருளாக வருவது, உடைமைப் பொருளில் வருவது என்பவற்றைக் காட்டுவதற்கே. நஹ்வு மாணவர் இதனை மர்ஃபூஃ, மன்ஸூப், மஜ்ரூர் என எளிதில் விளங்கிக்கொள்வர். மடலில் ‘மிஸ்டர்’, ‘மிஸ்’ என்னும் அடைகளுக்கு மாற்றாக ‘மிக்ஸ்’ என்பதும் வழங்குகிறது. எது பொருந்தும் எனத் தெரியாவிடில் முழுப்பெயரையே எழுதிவிடலாம். அதில் எவருக்கும் குறையில்லை.

இனி அந்த மனத்தடை. ஒருவர் வேண்டியபடி அவரைச் சுட்டுவது, உண்மைக்கு மாறான சான்று பகர்வதாகாதா என்று ஆலிம்கள் சிலர் கேட்கின்றனர். புறக்கணிக்கத்தக்க வினாவன்று அது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் குவேக்கர் கிறித்தவர்கள் இதனையொத்த காரணத்தால்தான், ஒருவரை ‘யூ’ என்று பன்மையில் விளிப்பது பொய்யும் முகத்துதியுமாகும் என மறுத்து, அதன்பொருட்டுத் துன்பமும் ஏற்றனர். ஆயினும் இலக்கணப் பால் வேறு, உடற்பால் வேறு, ஷரீஅத்தின் ஹுக்மு வேறு என்பதை நம் முன்னோர் மறந்ததில்லை. ‘ஷம்ஸ்’ பெண்பால், ‘கமர்’ ஆண்பால் என்றதனால் கதிரவனைப் பெண்ணென எவரும் நம்பவில்லை. அல்லாஹ்வை ‘ஹுவ’ என்றும் தமிழில் ‘அவன்’ என்றும் சுட்டுகிறோம். அவன் ஆண், பெண் என்னும் தன்மைகளைக் கடந்தவன் என்பது நம் அகீதா. பாரசீகர் ‘ஊ’ என்றும், துருக்கியர் ‘ஓ’ என்றும், மலாயர் ‘தியா’ என்றும் பால் காட்டாச் சுட்டால் அவனைக் குறிக்கின்றனர். இதனால் அவர்களுடைய தவ்ஹீத் வேறாகிவிடவில்லை. மறுபுறம், அம்மொழிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சுட்டு இருந்ததனால் மட்டும் அங்கெல்லாம் பெண்களின் நிலை உயர்ந்துவிடவுமில்லை. சுட்டுப்பெயரை மாற்றினால் சமூகம் மாறிவிடும் என்போருக்கும், மாற்றினால் மார்க்கம் கெட்டுவிடும் என்போருக்கும் இது ஒருசேர விடையாகும்.

ஃபிக்ஹு நூல்களில் ‘குன்ஸா முஷ்கில்’ என்னும் தலைப்பு உண்டு. உடலமைப்பால் ஆணென்றோ பெண்ணென்றோ துணிய இயலாதவரைப் பற்றியது அது. வாரிசுரிமையில் அவருக்கு உரியது யாது என்பதை இமாம்கள் மிக்க கவனத்துடன் வகுத்தனர். இரு நிலைகளில் குறைவான பங்கை ஹனஃபீகள் அவருக்கு அளிப்பர்; ஷாஃபிஈகள் ஒவ்வொரு வாரிசுக்கும் உறுதியான அளவை மட்டும் கொடுத்து, எஞ்சியதை நிலை தெளியும்வரை நிறுத்திவைப்பர். ஹுக்மில் இத்துணைப் பேணுதல் காட்டியவர்கள், சொல்லளவில் ‘முஷ்கில்’ என்னும் ஆண்பால் அடையையே அவருக்குச் சேர்த்தனர். ‘முஷ்கிலா’ என்று பெண்பாலாக்கவில்லை. அதனால் அவர் ஆணெனத் தீர்ப்பாகிவிடவில்லை. இத்தலைப்பு உடலைப் பற்றியது. இன்று ஆங்கிலத்தில் புதுச்சுட்டு வேண்டுவோரில் பலர் கூறுவது தம் உள்ளுணர்வை. இரண்டும் ஒன்றல்ல என்பதை மறைப்பது நேர்மையாகாது. எனினும், சுட்டுச்சொல் ஒன்றை ஆள்வதால் ஹுக்மு நிலைநாட்டப்படுவதில்லை என்ற அளவிற்கு இது சான்றாகும்.

என் கருத்தைச் சொல்லவேண்டுமாயின்: ‘தே’ என்பது எதனையும் உறுதிப்படுத்துவதில்லை, பாலைக் கூறாமல் விடுகிறது, அவ்வளவே. கூறாமல் விடுவது பொய்யாகாது. உடன் பயிலும் ஒருவர் அதனை வேண்டினால், அவ்வாறே குறிப்பிடுவதை முகமன் என்னும் அளவில் ஏற்கலாம். மனம் ஒப்பாதவர் பெயரைச் சொல்லிப் பேசலாம். எவ்வாறாயினும் ஒருவரை அவர் வெறுக்கும் சொல்லால் வேண்டுமென்றே அழைத்து எள்ளுவது, பட்டப்பெயர்களால் இழிவுபடுத்துவதைத் தடுக்கும் அல்ஹுஜுராத் 11ஆம் வசனத்தை ஓதுவோருக்கு அழகன்று. இதற்கு மாறான கருத்துடைய அறிஞர்களும் உள்ளனர்; அவர்களுடைய வாதங்களையும் வாசகர் கேட்டறிதல் நலம்.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சொல். ஆங்கிலச் செய்தியில் ஒருவரைச் சுட்டும் ‘தே’ வந்தால், தமிழில் ‘அவர்’ என்றும் ‘வந்தார்’ என்றும் எழுதினாலே போதும். ‘அவர்கள்’ என்று எழுதினால், பலரெனப் படிப்பவர் மயங்குவர். பாரசீகத்திலிருந்து மொழிபெயர்ப்போர்க்கு இடர் மறுதிசையில் வரும். ஹாஃபிஸின் கஸல்களில் காதலுக்குரியவர் ஆணா, பெண்ணா, இறையா என்பதை மூலத்தின் ‘ஊ’ திறந்தே விடுகிறது. ஆங்கிலத்தில் பெயர்த்தோர் ‘ஹீ’ என்றோ ‘ஷீ’ என்றோ ஒன்றைத் தேர்ந்து அக்கதவை அடைக்க வேண்டியதாயிற்று. தமிழில் ‘அவர்’ என்றால் ஓரளவு திறந்திருக்கும். அதில் வரும் மரியாதைத் தொனி காதலின் நெருக்கத்தைக் குறைத்துவிடும்.

இவற்றுள் அரபியின் நிலையே மிகக் கடினம். அங்கே முன்னிலையிலும் பால் உண்டு. வினையிலும் அடையிலும் உண்டு. அரபு பேசும் இளையோர் சிலர் ஒருவரைச் சுட்ட ‘ஹுமா’ என்னும் இருமைச் சுட்டை ஆள்கின்றனர். இருமையில் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் சுட்டு ஒன்றே என்பது அவர்கள் கண்ட வழி. முன்னிலையில் அது ஓரளவு செல்லும்: ‘அன்துமா கதப்துமா’, ‘தக்துபானி’ ஆகியவை இருபாலுக்கும் பொது. படர்க்கையிலோ, ‘ஹுமா’ என்று தொடங்கிய வாயை மூடுமுன் ‘கதபா’ என்பதா ‘கதபதா’ என்பதா என்ற வினா வந்து நிற்கும். ஸர்ஃபு வகுப்பின் முதலாண்டு மாணவன்கூட அதைக் கேட்டுவிடுவான்.